சின்னப் பற்றரியை முதலில் பாருங்கள்

காலையில் வேலைக்குப் புறப்படுகிறீர்கள். பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்துகிறீர்கள். டாஷ்போர்டில் ஐந்தாறு விளக்குகள் ஒன்றாகச் சிமிட்டுகின்றன. சிவப்பு முக்கோணம் வருகிறது. எங்கோ உள்ளே ஒரு ரிலே டிக்டிக் என்கிறது. 'ரெடி' மட்டும் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் பக்கத்துக் கராஜிலிருந்து ஆள் வருகிறார், எட்டிப் பார்க்கிறார், "அண்ணை, ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது. மாத்தத்தான் வேணும்" என்கிறார். விலை இலட்சங்களில். அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறது. அவர்களில் பலருடைய காரில் அன்று செத்திருந்தது பெரிய ஹைபிரிட் பற்றரியே அல்ல. டிக்கியின் ஓரத்திலோ பின் இருக்கைக்கு அடியிலோ யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் சாதாரண 12 வோல்ட் பற்றரிதான். அதை மாற்ற ஆகும் செலவு, பெரியதை மாற்றும் செலவில் ஒரு சிறு துண்டு. எந்தப் பற்றரி பழுது என்று அளந்து பார்க்காமலே காசு கைமாறுவது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

இந்த நாட்டில் பழைய ஹைபிரிட் கார் என்பது ஆசைக்கு வைத்திருக்கும் பொருள் அல்ல. 2010களின் முதல் பாதியில் ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து பிரியஸ், அக்வா, ஃபிட், இன்சைட், வெசல் என்று வந்து குவிந்தன. பின்னர் சுசுகி வேகன் ஆர் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மறுபடி திறந்தபோது 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. அன்று வாங்கியதை இன்னும் எத்தனை வருடம் ஓட்டலாம் என்பதே இன்று பல வீடுகளின் கேள்வி. பத்துப் பன்னிரண்டு வயதான அந்தக் கார்களைக் காப்பாற்றுவதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஆனால் அவை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு காரில் இரண்டு பற்றரி

டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் பின்பக்கம் இருக்கும் பெரிய பற்றரி 201.6 வோல்ட். 7.2 வோல்ட் கொண்ட 28 மொடியூல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டது. அக்வாவில் இதே சாதியில் 20 மொடியூல், 144 வோல்ட். இரண்டுமே நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. சக்கரத்தைச் சுற்றுவதும், எஞ்சினை எழுப்புவதும், ஏசியை ஓட்டுவதும் இந்தப் பெரிய பற்றரியின் மின்சாரம்.

அப்படியானால் 12 வோல்ட் பற்றரி எதற்கு? கம்பியூட்டர்கள், கதவுப் பூட்டு, விளக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்கள், இவை எல்லாம் 12 வோல்ட்டில் இயங்குபவை. கார் நிற்கும்போது பாதுகாப்புக்காகப் பெரிய பற்றரி முழுவதும் துண்டிக்கப்பட்டு இருக்கும். அதை இணைக்கும் சாவி சின்னப் பற்றரியின் கையில். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவிக்காரர் மயங்கிக் கிடந்தால் யாருக்கும் ஒரு படி நெல் கிடைக்காது. நிலைமை அதுதான்.

இதில் ஒரு பொல்லாத வேறுபாடு உண்டு. சாதாரண காரில் பற்றரி தளரும்போது காது சொல்லிவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும். ஒரு கிழமைக்கு முன்னரே தெரிந்துவிடும். பிரியஸிலும் அக்வாவிலும் 12 வோல்ட் பற்றரி எஞ்சினைச் சுற்றுவதே இல்லை. அதன் வேலை சில கம்பியூட்டர்களை எழுப்புவது மட்டும். அதனால் முக்கால்வாசி செத்த பற்றரியும் ஒவ்வொரு நாளும் காரை 'ரெடி' ஆக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள், எந்த அறிகுறியும் காட்டாமல், நின்றுவிடும். நிற்கும் அன்று வோல்ட் அரைகுறையாக இருப்பதால் கம்பியூட்டர்கள் குழம்பி, சம்பந்தமில்லாத விளக்குகளை எல்லாம் எரிய விடும். அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் பெரிய பற்றரி முடிந்தது என்ற தீர்ப்பு வருகிறது.

ஆகவே ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருங்கள். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் சாதாரணமானதே போதும். காரை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் எதையும் போடுமுன் அளந்து பாருங்கள். 12.6க்கும் 12.8க்கும் இடையில் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே தினமும் காட்டினால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பிறகு 'ரெடி' ஆக்கி மறுபடி அளந்து பாருங்கள். 13.8க்கு மேல், 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். பிரியஸிலும் அக்வாவிலும் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பற்றரியின் மின்சாரத்தை இறக்கிச் சின்னதைச் சார்ஜ் செய்யும் கன்வேர்ட்டர் ஒன்று உண்டு. அது வேலை செய்கிறதா என்பதை இந்த இரண்டாவது அளவு சொல்லும்.

இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் வைத்திருப்பவருக்கு மீட்டர்கூட வேண்டாம். காரை ஒன் செய்து, திரைக்குப் பக்கத்தில் உள்ள 'இன்ஃபோ' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பார்க்கிங் லைட்டை மூன்று முறை போட்டு அணையுங்கள். மறைந்திருக்கும் சோதனைப் பக்கம் திறக்கும். அதற்குள் வாகனச் சமிக்ஞைகள் என்ற பகுதியில் சின்னப் பற்றரியின் வோல்ட் எண்ணாக வந்து நிற்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, கடைக்காரர் கையில் எடுத்துத் தருகிற எந்த 12 வோல்ட் பற்றரியும் பிரியஸுக்குப் பொருந்தாது என்பது. மூன்றாம் தலைமுறையில் வருவது எஸ்46பி24ஆர். முன்னால் உள்ள 'எஸ்' சீல் வைத்த வகையைக் குறிக்கிறது. 24 என்பது சென்ரிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. இந்தப் பற்றரி ஆட்கள் இருக்கும் கூட்டுக்குள்ளேயே இருப்பதால் அதன் வாயு ஒரு சிறு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். மலிவுக்காகத் தண்ணீர் ஊற்றுகிற சாதாரணப் பற்றரியை அங்கே வைப்பதும், புதியதைப் பூட்டிவிட்டு அந்தக் குழாயை மாட்டாமல் விடுவதும் ஒரே அளவு ஆபத்து. ஐதரசன் வாயு காருக்குள் சேரும். வெளிச் சார்ஜரில் போடுவதானால் 5 அம்பியருக்கு மேல் போகாமல் மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள்.

ஜம்ப் கொடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். பிரியஸின் டிக்கி மின்சாரத்தில் திறப்பது. உள்ளே பற்றரி செத்தால் பற்றரி இருக்கும் டிக்கியே திறக்காது. அதற்காகத்தான் பொனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியோடு ஒரு முனை வைத்திருக்கிறார்கள். நேர் முனைக் கம்பியை அதில் கொடுங்கள். மறை முனைக் கம்பியைப் பெயின்ட் அடிக்காத உலோகத்தில் பிடியுங்கள். கம்பிகள் மாறிவிட்டால் பியூஸோடு போகலாம், கன்வேர்ட்டரையும் கொண்டு போகலாம். இரண்டாவது நடந்தால் நீங்கள் தப்பிக்க நினைத்த அந்த இலட்சங்கள் வேறு வழியாகச் செலவாகும். உங்கள் பிரியஸிலிருந்து வேறொரு டீசல் வானுக்கு ஜம்ப் கொடுக்கும் உதவியை மட்டும் செய்யாதீர்கள். எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும்.

ஸ்டார்ட்டர் எங்கே?

"என்ர காரின்ரை ஸ்டார்ட்டரைச் சேர்விஸ் பண்ண வேணும்" என்று அக்வாவோடு கராஜுக்கு வருகிறவர்கள் உண்டு. அக்வாவிலும் பிரியஸிலும் அப்படி ஒரு பாகமே கிடையாது. கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பெரிய மின்மோட்டார்களில் ஒன்று, பெரிய பற்றரியின் மின்சாரத்தில் எஞ்சினைச் சுற்றி எழுப்புகிறது. பல்சக்கரம் வந்து கடிப்பது, காபன் பிரஷ் தேய்வது என்ற தொல்லைகள் எதுவும் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய பற்றரி அடியோடு இறங்கிவிட்டால் எஞ்சினை எழுப்ப வேறு வழியே இல்லை என்பது அதன் மறுபக்கம். 12 வோல்ட்டில் எத்தனை ஜம்ப் கொடுத்தாலும் எஞ்சின் சுற்றாது.

ஹொண்டாவின் பழைய முறை வேறு. 1999இல் வந்த முதல் இன்சைட்டிலிருந்து சிவிக் ஹைபிரிட், 2009இன் இரண்டாம் இன்சைட், 2010இன் ஃபிட் ஹைபிரிட் வரை, எஞ்சினுக்கும் கியருக்கும் இடையில் ஒரு தட்டையான மின்மோட்டாரை வைத்தார்கள். வழக்கமாக எஞ்சினை எழுப்புவது அதுதான். சத்தமே கேட்காது. ஆனால் இதோடு சேர்த்துப் பழைய பாணி 12 வோல்ட் ஸ்டார்ட்டர் ஒன்றையும் ஹொண்டா விட்டுவைத்தது. பெரிய பற்றரி இறங்கியிருந்தாலோ, அதன் வெப்பநிலை ஒத்துவராவிட்டாலோ, அந்த அமைப்பில் பழுது இருந்தாலோ கார் தானாகவே அந்தச் சின்ன ஸ்டார்ட்டரைக் கூப்பிடும்.

இதிலிருந்து ஹொண்டாக்காரர்களுக்கு ஒரு இலவச எச்சரிக்கை மணி கிடைக்கிறது. குளிர் நாடுகளில் மார்கழிக் காலையில் அந்த ஸ்டார்ட்டர் சத்தம் கேட்பது சகஜம். நுவரெலியாவில்கூட அந்த அளவு குளிர் இல்லை. ஆகவே நம் ஊரில், வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் எழும்பிய உங்கள் இன்சைட் ஒரு காலை 'கிர்ர்' என்று சாதாரண காரைப் போல ஸ்டார்ட் ஆனால், பெரிய பற்றரியைக் கவனிக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அறிகுறியும் இதோடு வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி அளவைக் காட்டும் கோடுகள் பாதிக்கு மேல் நின்றது திடீரென்று ஒன்றுக்கு விழும். கார் உடனே கட்டாயச் சார்ஜில் இறங்கும், இழுவை குறையும். பற்றரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது, கம்பியூட்டர் தன் கணக்கைத் திருத்துகிறது என்பதே அதன் பொருள். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தவுடன் பார்த்தால் சிறு வேலையோடு முடியலாம். எச்சரிக்கை விளக்கு எரியும் வரை காத்திருந்தால் முடியாது.

அதேவேளை அந்தச் சின்ன ஸ்டார்ட்டரும் கவனிப்பாரின்றிக் கிடந்து பழுதாகிற சாமான். வருடக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்ததால் சொலினாய்ட்டின் செப்பு முனைகளில் களிம்பு ஏறியிருக்கும், பல்சக்கரம் தண்டில் இறுகியிருக்கும். கூப்பிடும் நாளில் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். நல்ல ஒட்டோ இலெக்ரீசியன் ஒருவர் அதைக் கழற்றித் துடைத்து, பிரஷ் மாற்றி, அரை நாளில் பூட்டிவிடுவார். எங்கள் ஊர்க் கராஜ்கள் தலைமுறையாகச் செய்துவருகிற வேலை இது. புதிய ஸ்டார்ட்டர் வாங்கச் சொன்னால் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் 12 வோல்ட் பற்றரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குற்றம் பெரும்பாலும் ஸ்டார்ட்டரில் இல்லை, பற்றரியில்.

வேகன் ஆர் மூன்றாவது வகை. காலையில் முதல் முறை எழுப்புவது சாதாரண ஸ்டார்ட்டர். பிறகு சிக்னலில் நின்று நின்று எழும்புவதெல்லாம் பெல்ட்டில் ஓடும் மோட்டாரின் வேலை. அதற்கென்று இருக்கைக்கு அடியில் சிறிய லிதியம் பற்றரி. இந்தக் காரில் சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் பழக்கம் குறைந்துகொண்டே போனால், பொனட்டுக்குள் இருக்கும் ஈயப் பற்றரி தளர்கிறது என்று அறியலாம். மாற்றும்போது இந்த நின்றெழும் முறைக்கென்றே செய்த பற்றரியைப் போடுங்கள். சாதாரணமானது ஒரு வருடத்தைக் கடந்தாலே அதிர்ஷ்டம். பெல்ட் கீச்சிட்டால் அதையும் தள்ளிப் போடாதீர்கள். இந்தக் காருக்கு அந்தப் பெல்ட்டும் ஒரு ஸ்டார்ட்டர்தான்.

வரிசையில் செத்த பற்றரிகள்

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் முறை வந்து, கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று ஆனது. அந்த மாதங்கள் ஹைபிரிட் கார்களுக்குச் செய்த கேட்டை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்று, கார்கள் கிழமைக்கணக்கில் அசையாமல் நின்றன. ஓடாத காரில் இரண்டு பற்றரிகளும் தானாக இறங்கும். சின்னது கிழமைகளில், பெரியது மாதங்களில். இரண்டு, வரிசையில் பெற்றோலை மிச்சப்படுத்த நினைத்துப் பலர் நியூட்ரலில் போட்டுக்கொண்டு ஏசியோடு காத்திருந்தார்கள். டொயோட்டாவில் நியூட்ரலில் எஞ்சினே ஓடினாலும் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. கைநூலிலேயே எழுதியிருக்கிறது. ஏசி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றாவதுதான் மிக மோசம். தாங்கி வறண்ட பிறகும் பற்றரியின் பலத்திலேயே காரை நகர்த்தி நகர்த்தி முன்னால் கொண்டுபோனார்கள். பிரியஸின் கம்பியூட்டர் சாதாரணமாகப் பெரிய பற்றரியை 40 வீதத்துக்குக் கீழும் 80 வீதத்துக்கு மேலும் போக விடாமல் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பற்றரி இத்தனை வருடம் உழைப்பதன் இரகசியம் அதுதான். பெற்றோல் இல்லாமல் ஓட்டுகிறவர் அந்தக் காவலை உடைத்து அடிமட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே சில செல்கள் தலைகீழாகச் சார்ஜ் ஆகும், பிறகு தேறாது. பெற்றோல் வந்து ஊற்றினாலும் எஞ்சினை எழுப்பச் சார்ஜ் இருக்காது. அக்வாவுக்கு ஸ்டார்ட்டர் இல்லை என்று மேலே சொன்னது இங்கேதான் வந்து கடிக்கிறது.

அந்த நாட்கள் திரும்பக் கூடாது. ஆனால் கோயில் திருவிழா நெரிசலிலும் கொழும்பு மழை நாள் போக்குவரத்திலும் இதே தவறு தினமும் நடக்கிறது. நிற்க வேண்டுமானால் பார்க்கிங்கில் போடுங்கள். 'ரெடி' எரிய விட்டுவிடுங்கள். வேண்டும்போது எஞ்சின் தானாக எழும்பிச் சார்ஜ் செய்து தானாக நிற்கும். பாட்டுக் கேட்பதற்கும் போன் சார்ஜ் போடுவதற்கும் 'ரெடி' இல்லாமல் வெறும் ஒன்னில் வைத்திருக்காதீர்கள், அது சின்னப் பற்றரியைத் தின்னும். வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்காகக் காரை மூடி வைத்திருக்கும் வீடுகள் வடக்கில் நிறைய. அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் உண்மையாக ஓட்டிவிட்டு வாருங்கள். முற்றத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை.

பெரிய பற்றரியின் மூச்சு

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில், பெரிய பற்றரியில் கோளாறு என்று ஸ்கேனர் சொன்ன மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் ஒன்றைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க அந்த மெக்கானிக் முதலில் கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றினார். 1000 வோல்ட் தாங்கும் றப்பர்க் கையுறையை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே போட்டுக்கொண்டார். 12 வோல்ட்டின் மறை முனையைக் கழற்றிய பிறகுதான் செம்மஞ்சள் பிடியுள்ள சேவைப் பிளக்கை உருவினார். உருவியதைத் தன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். வேறு யாரும் தெரியாமல் திருப்பிப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக. பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் தேநீர் குடித்தார். இன்வேர்ட்டருக்குள் உள்ள கப்பாசிற்றர்கள் இறங்க அந்த நேரம் வேண்டும்.

முதலில் வெளியே வந்தது விசிறி. பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள துவாரம் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிர்விக்கும் சிறு விசிறி அது. அதன் அலகுகளுக்கு இடையில் செம்மண் புழுதியும் தலைமயிரும் சேர்ந்து அடைத்து, விரலால் உரித்தால் பட்டையாக வந்தது. காற்றுப் போக இடமே இல்லை. பற்றரியை மூடியிருந்த தகட்டைத் தூக்கியதும், மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. 28 மொடியூல்களையும் ஒவ்வொன்றாக அளந்து கடதாசியில் எழுதினார். சுமை கொடுத்து மறுபடி அளந்தார். இருபத்தேழு ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நடுவில் உள்ள ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே விழுந்தது. நடுவில் இருப்பவைதான் அதிகம் சூடாகும்.

பட்டிகளைச் சுத்தம் செய்து, அந்த ஒன்றை அதே அளவு தளர்ந்த பழைய மொடியூல் ஒன்றால் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே சார்ஜுக்குக் கொண்டுவந்த பிறகே பூட்டினார். நட்டுகளை இறுக்க அவர் பாவித்தது முறுக்குவிசை காட்டும் சாவி. 5.4 நியூட்டன் மீற்றர், அவ்வளவுதான். கை பலத்தில் இறுக்கினால் முனை முறிந்து நல்ல மொடியூலும் போய்விடும். இந்தப் பொறுமைதான் தொழில். இதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அவர் வாடிக்கையாளரிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும். "ஐயா, ஒண்டு போனால் மற்றதுகளுக்கும் அதே வயசுதான். இது ஒரு வருசமும் ஓடும், மூண்டு வருசமும் ஓடும். நான் சத்தியம் பண்ண மாட்டன்." நேர்மையான பேச்சு. ஒரு மொடியூலை மாற்றுவது காலத்தை வாங்குவது. இரண்டாவது முறையும் வேறொரு மொடியூல் விழுந்தால் மூன்றாவதுக்குக் காத்திராமல் முழுத் தொகுதியையும் மாற்றுவதே இலாபம். அப்போதும் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் ஜப்பானில் கழற்றிய பாவித்த தொகுதிக்கும் புதிய செல்கள் போட்ட தொகுதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள். பாவித்ததை வெளியே கழுவிப் பளபளப்பாக்கி, புதியதன் விலைக்குப் பக்கத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காரைக் கெடுத்தது வயதை விடச் சூடு. விசிறி அடைத்ததால் சூடு. நிக்கல் பற்றரி மனிதர் உட்காரச் சுகமான வெப்பத்தில்தான் தானும் சுகமாக இருக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் கொழும்பு போகிறவர் சூடான புழுதிக் காற்றை நாள் முழுக்கப் பற்றரிக்குள் ஊதிக்கொண்டு போகிறார். அந்தப் பயணத்தில் மிச்சம் பிடித்த பெற்றோலின் விலை பற்றரியின் ஆயுளில் கழிகிறது. நெடும்பயணத்தில் ஏசியைப் போடுங்கள். காரை நிழலில் விடுங்கள். பின் இருக்கையில் பைகளையும் தலையணைகளையும் அடுக்கும்போது அந்தத் துவாரத்தை மூடாதீர்கள். அக்வாவில் அது இருக்கைக்குக் கீழே இருக்கிறது, பிள்ளைகள் கொட்டும் பிஸ்கட் தூளெல்லாம் அதற்குள்தான் போகும். துவாரத்தின் வாயை வக்கியூம் கிளீனரால் மாதம் ஒருமுறை நீங்களே சுத்தம் செய்யலாம். விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்வதைச் செம்மண் ஊரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கராஜில் செய்விப்பது நல்லது. இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பெரிய பலன் தரும் வேலை பழைய ஹைபிரிட்டில் வேறொன்றும் இல்லை என்று நம்புகிறேன்.

இதற்கு மேல் உங்கள் கை போகக் கூடாது. சேவைப் பிளக்கை உருவிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ணித் திறக்கிறவர்கள் உண்டு. பிளக் தொகுதியை இடையில் துண்டிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பகுதியும் தனித்தனியே ஆளைக் கொல்லக்கூடிய வோல்ட்டோடு உயிரோடு இருக்கின்றன. வெசலிலும் 2013க்குப் பிந்திய ஃபிட்டிலும் இருப்பது லிதியம். அதை மூலைக் கராஜில் பிரித்துச் செல் மாற்ற விடவே கூடாது. தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். அதற்கென்று பயிற்சியும் கருவியும் உள்ள இடத்துக்கு மட்டும் போங்கள். தூரமானாலும் போங்கள்.

இனி யாராவது உங்கள் காரின் பெரிய பற்றரி முடிந்தது என்று சொன்னால், ஒத்துக்கொள்ளுமுன் மூன்றைக் கேளுங்கள். 12 வோல்ட் பற்றரி ஓய்வில் எத்தனை, 'ரெடி'யில் எத்தனை? ஸ்கேனரில் வந்த கோட் என்ன? பிரியஸில் பி0ஏ80 என்றால் பெரிய பற்றரியைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. இரண்டாம் தலைமுறையில் பி3011 முதல் பி3024 வரை வந்தால் 28 மொடியூல்களில் எந்தச் சோடி என்றுகூடச் சொல்லிவிடலாம். பதினான்கு சோடிகளின் வோல்ட்டும் ஓய்விலும் சுமையிலும் எத்தனை என்பது மூன்றாவது. ஸ்கேனர் வைத்திருக்கும் எந்தக் கராஜிலும் பத்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய எண்கள் இவை. "தம்பி, ரீடிங்கை ஒருக்கா எழுதித் தாரும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோசமாக எழுதித் தருவார். தர மறுக்கிற இடத்தில் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்காமல் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோங்கள்.